கூகுள்.காம், விலை 12 டாலர்!

2015 செப்டம்பர் 29, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த சன்மய் வேத், கூகுள் நடத்திய டொமைன் கடையில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கிறார். என்ன பெயர்? கூகுள்.காம்! விற்பனைக்கு இருக்கிறது, 12 டாலர் என்று காட்டுகிறது திரை.

வாங்கிவிட்டார். கார்டிலிருந்து பணமும் போய்விட்டது. எங்கேயாவது எரர் அடிக்கும் என்று பார்த்தால், தளத்தின் நிர்வாகிக்கு மட்டுமே போகவேண்டிய செய்திகள் இவர் இன்பாக்ஸில் வந்து விழுகின்றன! எல்லாம் ஒரே ஒரு நிமிடம்தான். ஆர்டர் ரத்து, பணம் வாபஸ். பிற்பாடு கூகுள் அவருக்கு அளித்த சன்மானம் 6,006.13 டாலர். அந்த எண்களைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆங்கில எழுத்துகளாகப் படித்தால் ‘கூகுள்’ என்று வரும். குறும்புக்காரர்கள்! அதை அறப்பணிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதும் தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

கூகுள் எப்படித் தப்பியது? விற்ற கடையும் அவர்களுடையதே. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

எந்த இணையதளத்தைப் பார்த்தாலும் அதன் பின்கட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கத் துடிக்கிற ஆள் நான். முகமூடி போட்ட ஹேக்கர்கள் அங்கே சதி செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆசையாக நுழைந்தால், பெரும்பாலும் கண்ணில் படுவது கட்டாத ஒரு பில்!

நம்பவில்லையா? 1999 கிறிஸ்துமஸ். ஹாட்மெயில் மின்னஞ்சலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. லாகின் சரிபார்த்த பாஸ்போர்ட்.காம் என்ற டொமைனுக்கு 35 டாலர் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. ஆமாம், மைக்ரோசாஃப்ட்! காரணத்தைத் துப்பறிந்தவர் மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர். வேறொருவர் டொமைனுக்கும் அப்போது பணம் கட்ட முடிந்தது, தன் கார்டிலிருந்தே கட்டிவிட்டார். ஹாட்மெயில் எழுந்து உட்கார்ந்தது. நன்றிக்கடனாக 500 டாலர் காசோலை வந்தது. அதையும் அவர் ஈபேயில் ஏலம் விட்டு நன்கொடை ஆக்கினார். இதோடு புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? 2003-ல் ஹாட்மெயிலின் பிரிட்டன் டொமைனையும் புதுப்பிக்காமல் விட்டார்கள். யாரோ ஒருவர் வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படியென்றால், நம்மூர்க் கதையைக் கேட்கவேண்டுமா? கடைக்காரர் பணம் கொடுத்திருப்பார். டொமைன் பதிவாகியிருப்பதோ தளம் செய்துகொடுத்த தம்பியின் பெயரில். சொந்தக் காசில் கட்டிய வீட்டுக்குக் கொத்தனார் பெயரில் பத்திரம் போட்ட மாதிரி. தம்பி வேலை கிடைத்து துபாய் போய்விட்டால், ஓடிபியும் அவரோடு துபாய் போய்விடும். இன்னொரு கூத்து, பதிவில் கொடுக்கிற மின்னஞ்சல். கம்பெனி டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுத்து வைப்பார்கள். டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் செத்துவிடும். பிறகு வருகிற எச்சரிக்கைகளை யார் படிப்பது?

டாட் காம் பெயர் என்றால் காலாவதியான மறுநாளே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள், அதிகபட்சம் 45 நாட்கள், வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். அடுத்த 30 நாட்களில் மீட்பதற்குத் தண்டம் தனியாக அழவேண்டும். அதன்பின் 5 நாட்கள் யாராலும் தொட முடியாது. அப்புறம் யார் முந்திப் பதிவு செய்கிறாரோ அவருக்குத்தான். இப்படி விழுகிற பெயர்களைப் பிடிப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் காத்திருக்கின்றன. பக்திப் பாடல் தளம் ஒருநாள் திடீரென்று சூதாட்ட விளம்பரமாக மாறி நிற்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது உள்ளறைக்குப் போகலாம். சர்வர் அறை. எனக்கு மிகவும் பிடித்த திகில் கதை இங்கேதான் நடக்கிறது.

2017 ஜனவரி 31. கிட்லேப், நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம். இரவு நேரத்தில் ஒரு பொறியாளர் தரவுத்தளக் கோளாறு ஒன்றோடு மல்லுக்கட்டுகிறார். துணை சர்வரில் இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று கட்டளை கொடுக்கிறார். ஓரிரு விநாடி. ஐயோ! அவர் இருப்பது துணை சர்வரில் அல்ல, பிரதான சர்வரில்! நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பதறாதீர்கள், பேக்கப் இருக்குமே? இருந்தது, காகிதத்தில். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் தினமும் தோல்வி. தோல்வி என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களையோ அஞ்சல் சர்வர் போலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது! பேக்கப் குவிந்திருக்கவேண்டிய கிடங்கு காலி. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்துவைத்திருந்த ஒரு நகல்.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நான் ரசிக்கிறேன். மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாக ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள்! அறிக்கையில் அந்தப் பொறியாளருக்கு வைத்த பெயர் ‘குழு உறுப்பினர்-1’. அழித்தது ஒரு கை என்றாலும், தப்பு மொத்த வீட்டுடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் பேக்கப் சரியாக எடுத்தால் போதுமா? எங்கே வைத்தீர்கள்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதுமாகக் கருகியது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. தளம் இருந்த வளாகத்திலேயே பேக்கப்பையும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின.

சில்லறைக் கூத்துகளுக்கும் பஞ்சமில்லை. தளம் கட்டும்போது, தேடுபொறிகள் இப்போதைக்கு வரவேண்டாம் என்று வேர்ட்பிரஸில் ஒரு டிக் போட்டு வைப்பார்கள். திறப்பு விழா முடிந்து மாதங்கள் ஓடியும் அந்த டிக் அங்கேயே இருக்கும். கூகுளில் ஏன் வரவில்லை என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்ற படிவம் அழகாக நன்றி சொல்லும். நிரப்பிய ஆர்டர் ஸ்பேமில் கிடக்கும். பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க மறப்பதும் தினசரி நடப்பது. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்குக் காரணம் அதுவே. மறுபடியும் மைக்ரோசாஃப்ட்! பிளக்-இன் அப்டேட், அட்மின் பாஸ்வேர்டு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நமக்கென்றே ஒரு தனிப் பிழை உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. பாமினியில் ஒரு குறியீடு, டிஸ்கியில் ஒன்று, டாபில் ஒன்று. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தல்! தேடுபொறிக்கும் அதே கந்தல்தான் தெரிந்தது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியபின் டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்ததால் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. அப்படி மாறாத தளங்கள் சர்வரில் இருந்தும் இல்லாதவையே. இன்றைக்கு விலைப்பட்டியலையும் கடை நேரத்தையும் போஸ்டர் படமாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் படத்தின் முன் ஊமையாகிவிடும்.

பழைய எழுத்துருவில் கதை, கட்டுரை, ஊர் வரலாறு என்று ஏற்றிவைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஹோஸ்டிங் கணக்கு உயிரோடிருக்கும்போதே அவற்றை இறக்கி யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.