கடலுக்கடியில் மூச்சு விடப் படிக்கலாம்! யாரிடம் படிப்பது?

மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்துவிட்டால் பையன்களைப் பிடிக்க முடியாது. படித்துறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் போய், ஒரு பிடி மணலை அள்ளி வருவார்கள். யார் அதிக நேரம் மூச்சை அடக்கினார் என்பதுதான் அங்கே போட்டி.

கடலுக்கடியில் போகும் ஸ்கூபா பாடத்தில் முதல் விதி இதற்கு நேர் எதிர். "மூச்சை அடக்காதே! விட்டுக்கொண்டே இரு!"

ஆற்றில் கெட்டிக்காரனாக இருப்பவன் கடலில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவேதான் இந்த வித்தைக்கு ஒரு வாத்தியார் வேண்டும். நல்ல வாத்தியார் வேண்டும்.

பூம்புகாரில் என்ன இருக்கிறது?

டெல்டாப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வரக் காரணம் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பூம்புகார். பழைய காவிரிப்பூம்பட்டினத்தின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது என்று பாட்டிமார் சொல்லுவார்கள்.

1990-களின் தொடக்கத்தில், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இங்கே கடலில் மூழ்கிப் பார்த்தார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோ மீட்டர் தூரத்தில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போல வளைந்த ஓர் அமைப்பு தெரிந்தது. அது மனிதர் கட்டியதா, எந்தக் காலத்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஓர் உடைந்த கப்பல்! அதிலிருந்து ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் 1791, 1792 என்று வருஷம் பொறித்திருந்தது. 2025-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தக் கடலில் மறுபடியும் ஆய்வு தொடங்கியது.

இதையெல்லாம் பத்திரிகையில் படிக்கும் கல்லூரிப் பெண், "நானும் கடலில் மூழ்கப் படிக்கிறேன், அப்பா" என்று கேட்டால், அப்பா என்ன சொல்லுவது?

சிலிண்டரில் இருப்பது என்ன?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுவோம். முதுகில் கட்டும் சிலிண்டரில் இருப்பது வெறும் பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றை வேண்டும்போது வேண்டிய அளவு வாயில் விடும் கருவியை 1943-ல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காக்னான் என்ற எஞ்சினீயரும் செய்தார்கள்.

தண்ணீரில் 10 மீட்டர், அதாவது 33 அடி இறங்கினால், உடம்பின்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. அங்கே ஒரு பலூனை ஊதி, கட்டி, மேலே விட்டால் என்ன ஆகும்? வர வர உப்பும். மேலே வரும்போது இரண்டு பங்கு பெரிதாகிவிடும். நுரையீரலும் அந்தப் பலூன் மாதிரிதான். 33 அடியில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, பயந்துபோய், வாயை மூடிக்கொண்டு மேலே பாய்ந்தால், நுரையீரல் கிழிந்துவிடலாம். உயிரே போகலாம்.

வேகமாக மேலே வருவதில் இன்னோர் அபாயம் உண்டு. கோலி சோடாவை உடைத்தால் குபுகுபுவென்று குமிழி வருகிறதல்லவா? ஆழத்தில் அழுத்தத்தினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் அப்படிக் குமிழியாக வெளிவரும். மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை வரும். ஆகவே மெதுவாக ஏற வேண்டும்; 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நின்று வர வேண்டும்.

எந்தச் சர்டிபிகேட்?

சர்டிபிகேட் கொடுக்கும் சங்கங்கள் பல. சி.எம்.ஏ.எஸ். 1959-ல் தோன்றியது. பி.ஏ.டி.ஐ. 1966-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. எஸ்.எஸ்.ஐ. 1970-ல் வந்தது. எது உசத்தி என்று சண்டை போடுவது வீண் வேலை. முதல் பாடம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் கார்டை மற்றதன் பள்ளியில் பொதுவாக ஏற்றுக்கொள்ளுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. உல்லாசப் பயணிகள் கூடும் இடங்களில், "அரை மணி நேரத்தில் ஸ்கூபா" என்று அழைப்பார்கள். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு கீழே அழைத்துப் போவார். போட்டோ எடுப்பார்கள். வண்ணத்தாளில் பெயர் எழுதியும் கொடுப்பார்கள். அது வேடிக்கை, படிப்பு அல்ல. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் தனியாக இறங்க முடியாது.

உண்மையான முதல் படிப்பு "ஓபன் வாட்டர்" எனப்படும். பெரும்பாலும் 3 அல்லது 4 நாள். புத்தகப் பாடமும் பரீட்சையும் உண்டு. பிறகு நீச்சல் குளத்தில் பயிற்சி. கடைசியில் 4 தடவை கடலில் இறங்க வேண்டும். பி.ஏ.டி.ஐ. முறையில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். 10 நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். 10 வயது நிறைந்தால் சேரலாம். இதைத் தேறியவர் 18 மீட்டர் வரை போகலாம்.

பூம்புகார்க் கப்பல் கிடப்பது 19 மீட்டரில்! ஒரு மீட்டரில் தப்பிவிட்டது. அந்த ஆழத்துக்கு அடுத்த படிப்பு வேண்டும். அதில் 5 தடவை இறங்கினால் 30 மீட்டர் வரை அனுமதி. ஆனாலும், ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் அதிகாரிகள் அனுமதி இல்லாமல் இறங்கவோ, எதையும் எடுக்கவோ கூடாது. கடலடியில் கூலிக்கு வேலை செய்வதற்கும் இந்தக் கார்டு உதவாது. அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

பணம் கட்டும் முன்

புதுச்சேரி, கோவா, அந்தமான் ஆகிய இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. டெல்டாக்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கம். செலவு கொஞ்சமல்ல. குறுவை அறுவடைப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். அதனால் கூச்சப்படாமல் கேட்கலாம்.

வாத்தியாரின் எண்ணைக் கேளுங்கள். அவர் இந்த வருஷம் கார்டைப் புதுப்பித்திருக்கிறாரா என்று சங்கத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். ஒரு வாத்தியாருக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள். கடலில் 8 பேருக்கு மேல் பி.ஏ.டி.ஐ. விதியே அனுமதிப்பதில்லை. 4 பேர் என்றால் நிம்மதி.

படகில் பிராணவாயு சிலிண்டர் இருக்கிறதா? இது கீழே கொண்டுபோவதற்கு அல்ல. ஆபத்தில் சிக்கியவருக்கு முதல் உதவி. குமிழி நோய்க்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே போக எத்தனை மணி ஆகும் என்றும் கேட்க வேண்டும். ஒழுங்கான பள்ளி யோசிக்காமல் பதில் சொல்லும்.

சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதி குத்தியிருக்கும். பாருங்கள். காற்றை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம்.

பள்ளியில் ஒரு வைத்தியத் தாள் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா என்று அதில் கேள்விகள் இருக்கும். "உண்டு" என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். சிலர் அதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். தாளைப் படிக்காமலே, "எல்லாம் இல்லை என்று போடுங்கள், சார்" என்று அவசரப்படுத்தும் பள்ளியும் இருக்கலாம். அங்கே பணம் கட்ட வேண்டாம். சளி பிடித்திருந்தாலும் அன்று இறங்கக் கூடாது. காதுக்குள் அழுத்தம் சரியாகாமல் செவிப்பறை கிழியும்.

எப்போது போகலாம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரைக்குப் போவது பணத்துக்கு நஷ்டம். கடல் கொந்தளிக்கும்; தண்ணீர் கலங்கியிருக்கும். மழை ஓய்ந்து, கடல் அமைதியான பிறகு போகலாம். கடல் சரியில்லாத நாளில் படகை நிறுத்திவிட்டு, வேறு நாள் கொடுப்பார்களா, பணம் திரும்புமா என்பதை முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தமானுக்குப் போய்ப் படிப்பவர்கள் திரும்பும் விமான டிக்கெட்டை யோசித்து வாங்க வேண்டும். பல தடவை கடலில் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம். விமானம் உயரப் போகும்போது காற்றழுத்தம் குறைந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழி கட்டும். கடைசி நாளைச் சும்மா கரையில் கழிப்பதுபோல் வைத்துக்கொண்டால் போதும். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் மயிலாடுதுறை திரும்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.