லிக்னோகைன் ஏறும்போது நர்ஸ் கேட்கும் கேள்விகள்

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியைப் பலருக்கும் தெரியும். அதில் பெரும்பாலும் இருப்பது 1943-இல் சுவீடன் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகைன். வலிச் சிகிச்சை மையங்களில் இதையே டிரிப்ஸாகவும் ஏற்றுகிறார்கள். அக்கி ஆறிய பிறகும், சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட பிறகும், புண் ஏதும் இல்லாமலே நரம்புகள் வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றின் சோடியம் வழிகளை அடைத்து இந்த மருந்து அந்தக் கூச்சலைத் தணிக்கிறது. இதயமும் மூளையும் இயங்குவதும் இத்தகைய சோடியம் வழிகளால்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரத்தத்தில் மருந்து மிகுந்தால் முதலில் உதட்டைச் சுற்றி மரமரக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், காது இரையும், தலை கிறுகிறுக்கும். பிறகு பேச்சு குழறும். அதையும் கடந்தால் வலிப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம். மானிட்டர் இருக்கும்போது நர்ஸ் எதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று கேட்கலாம். மானிட்டர் அவசியம்தான். ஆனால் அது துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டுமே தவிர, உதடு மரப்பதை அறியாது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவரும் கேட்டால்தான் சொல்வார். "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்றால் "இருக்கேன்மா" என்றுதான் பதில் வரும். "வாயில இரும்பு ருசி மாதிரி வருதா?" என்று குறிப்பாகக் கேட்பதே பராமரிப்பு. 'வருது' என்றால் அடுத்த நொடி மருந்து ஏற்றும் பம்ப்பை நிறுத்துவதும் அதே நர்ஸின் கைதான். நிலைமை முற்றினால் கொடுக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பலனே சிறிதுதானே, இவ்வளவு காவல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. 2005-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், 100 புள்ளி அளவுகோலில் வெற்று மருந்தைவிடச் சராசரியாக 11 புள்ளிதான் வலி கூடுதலாகக் குறைந்தது. லாபம் சிறியது என்பதாலேயே ஆபத்தையும் சிறிதாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. யாருக்கு இது உதவுகிறது என்று பிரித்தறிவதற்கும் நர்ஸின் குறிப்பேடு தேவை: வலிக்கு எத்தனை மதிப்பெண், இரவு தூக்கம் எப்படி, எவ்வளவு தூரம் நடந்தார். அதில் மாற்றம் இல்லையென்றால் மறுபடி மறுபடி ஏற்றுவது வீண்.

ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்து "சீக்கிரம் முடிச்சு விடுங்க சிஸ்டர்" என்று கேட்காதீர்கள். வேகம் கூடினால் மருந்தே நஞ்சாகும். இதயக் கோளாறோ வலிப்போ ஈரல் நோயோ இருந்தால், டிரிப்ஸ் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.