உழைக்கும் நாய்க்குக் காப்புறுதி தேவைதானா?

2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிரித்தானியாவின் வேல்ஸ் பிராந்தியத்தில் நடைபெற்ற இணையவழி ஏலமொன்றில் கிம் என்ற பெயருடைய ஒரு வயதுப் பெண் நாய் 28,455 பவுணுக்கு விலைபோயிற்று. செம்மறியாடுகளை மேய்ப்பதற்குப் பயிற்றப்பட்ட 'போடர் கொலி' இனத்தைச் சேர்ந்த நாய் அது. இத்தகைய நாயொன்றுக்கு அதுவரை உலகில் எங்கும் கொடுக்கப்படாத விலை என அப்போது செய்திகள் வெளியாகின. வாங்கியவர் மறுநாளே அதனை முட்கம்பி வேலியும் மாடுகளின் குளம்புகளும் நிறைந்த பண்ணைக்குள் இறக்கிவிட வேண்டியவர். ஒரு மோட்டார் வண்டியின் விலைக்கு வாங்கிய உடைமையைக் காப்புறுதி செய்யாமல் விடலாமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகின்றது. வண்டிக்குரிய விடை நாய்க்கும் பொருந்துமா என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

உழைக்கும் நாய் என்பது வீட்டுச் செல்லப்பிராணி அன்று. மந்தையை ஓட்டுவது, வேட்டையில் துணைநிற்பது, வெடிபொருளை மோப்பம் பிடிப்பது, பார்வையற்றவரை வீதியில் வழிநடத்துவது என அதற்கென ஒரு தொழில் உண்டு. இந்த வேறுபாடு எமது வாசகர்களுக்குப் புதியதும் அன்று. வேட்டைக்குப் பயிற்றப்பட்ட பிராணிகள் பற்றி அல்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் பேசுகின்றது. வேட்டை, மந்தை, விளைநிலம் ஆகியவற்றின் காவலுக்காக நாய் வைத்திருப்பதை ஏனைய நோக்கங்களிலிருந்து பிரித்துக் காட்டும் நபிமொழிகளும் உண்டு. தமிழ்க் கிராமங்களிலும் பட்டிக் காவலுக்கு நின்ற நாய்க்கு ஒரு மதிப்பு இருந்தே வந்துள்ளது. காப்புறுதி நிறுவனங்களும் இதே வேறுபாட்டைச் செய்கின்றன. ஆனால் அவை செய்வது நாய்க்குப் பாதகமான முறையிலாகும்.

மேலைநாடுகளில் இன்று விற்பனையாகும் நாய்க் காப்புறுதி பெரும்பாலும் வீட்டு நாயை மனதிற் கொண்டு வரையப்பட்டது. பிரித்தானியாவில் செல்லப்பிராணிக் காப்புறுதிகளின் கீழ்க் கொடுக்கப்பட்ட தொகை 2022ஆம் ஆண்டில் முதற்தடவையாக நூறு கோடி பவுணைத் தொட்டது. இது பெரிய வியாபாரம். இந்த ஒப்பந்தங்கள் பலவற்றில், வருமானம் ஈட்டும் தொழிலில் ஈடுபடுத்தப்படும் நாய்க்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். தன் நாய் ஆடு மேய்க்கின்றது என்பதைச் சொல்லாமல் பத்திரம் எடுத்த பண்ணையாளர், கால் முறிந்த நாயைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசென்ற பின்னரே அந்த வாசகத்தை முதன்முதலாகப் படிக்க நேரிடுகின்றது. உழைக்கும் நாய்க்கெனத் தனியான ஒப்பந்தங்களை வழங்கும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றின் கட்டுப்பணம் பொதுவாகக் கூடுதலானது.

சரி, கூடுதற் பணத்தைச் செலுத்தி அதனைப் பெற்றுக்கொண்டவருக்குக் கிடைப்பது என்ன? முதலாவதாக மிருக வைத்தியச் செலவு. அதிலும் முதற் பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். வயது முதிர்ந்த நாயாயின் எஞ்சிய தொகையிலும் ஒரு வீதத்தை அவரே செலுத்த வேண்டும். பத்திரம் எடுத்த முதலிரு வாரங்களில் தோன்றும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் கிடையாது. ஏற்கெனவே இருந்த நோய்க்கும் பொதுவாகக் கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனையே உழைக்கும் நாயைக் கடுமையாகத் தாக்குகின்றது. நியூஸிலாந்தின் மஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 640க்கும் மேற்பட்ட பண்ணை நாய்களைப் பரிசோதித்தபோது அவற்றில் நான்கில் மூன்று பங்களவிலானவற்றில் ஏதோவொரு குறை காணப்பட்டது. பழைய தழும்பு, தேய்ந்த அல்லது உடைந்த பல், மூட்டு வீக்கம் ஆகியன அவை. அந்நாய்கள் அத்தனையும் வேலை செய்துகொண்டிருந்தவை. பண்ணையாளரின் கண்ணுக்கு அவை நல்ல நாய்கள். காப்புறுதி நிறுவனத்தின் கண்ணுக்கு 'ஏற்கெனவே இருந்த நோய்' உள்ளவை. பின்னொரு நாளில் அதே மூட்டு சிதைந்தால் நிறுவனம் எதைச் சுட்டிக்காட்டும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இரண்டாவதாக, நாய் இறந்தால் கிடைக்கும் இழப்பீடு. இது வாங்கிய விலையை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்படுவது வழக்கம். தன் வீட்டிற் பிறந்த குட்டியை இரண்டு ஆண்டுகள் பயிற்றி எடுத்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. கிம் என்ற நாயின் 28,455 பவுணில் மிகப்பெரும் பங்கு குட்டியின் விலையன்று. அதைப் பயிற்றியவரின் உழைப்பின் விலை. அந்த உழைப்பைத் தான் விற்றால் சந்தை மதிக்கும், தானே வைத்திருந்து இழந்தால் பத்திரம் மதிக்காது என்பது விசித்திரமான நிலைமையே.

மூன்றாவது, உண்மையில் எல்லாவற்றிலும் முக்கியமானது, நாய் உயிரோடிருந்தும் வேலை செய்ய இயலாமற் போவதாகும். குதிரைகளுக்கு 'பயன் இழப்பு' என்ற தலைப்பில் இத்தகைய காப்புறுதி உண்டு. நாய்களுக்கு அது அரிது. வைத்தியச் செலவு பண்ணையாளரின் இழப்பில் ஒரு பகுதி மட்டுமே. ஆடுகளை மலையிலிருந்து இறக்க வேண்டிய பருவத்தில் நாய் படுத்துவிட்டால் அந்த வேலைக்குக் கூலியாட்களைத் தேட வேண்டும். ஆட்கள் கிடைத்தாலும் நாய் செய்ததை அவர்கள் செய்யமாட்டார்கள்.

இந்த இழப்பின் அளவை ஓரளவு கணித்துக் காட்டிய ஆய்வொன்று உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் ஆர்னொட்டும் அவரது குழுவினரும் அவுஸ்திரேலியாவில் 812 பேரிடம் 4,027 பண்ணை நாய்கள் பற்றித் தகவல் திரட்டி 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு நாயின் வாழ்நாள் முழுவதற்குமான செலவு சராசரியாக 7,763 அவுஸ்திரேலிய டொலர். அது செய்யும் வேலையின் பெறுமதி ஏறத்தாழ 40,000 டொலர். அதாவது போட்ட முதல் ஐந்து மடங்குக்கு மேலாகத் திரும்புகின்றது. பண்ணையில் இத்தனை இலாபம் தரும் முதலீடு வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. பயிற்சிக்கு எடுக்கப்பட்ட நாய்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வேலைக்கு உதவாது என நீக்கப்பட்டது என்பதும் அதே ஆய்வாளர்களின் கணிப்பாகும். அந்த இழப்பை எந்தக் காப்புறுதியும் ஈடுசெய்வதில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். ஆண்டுக்கு 600 டொலர் கட்டுப்பணம் என ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகளில் அது 5,400 டொலராகும். நாயை வாங்கி, பயிற்றி, உணவிட்டு, வைத்தியம் பார்க்க ஆகும் முழுச் செலவு 7,763 டொலர் என்றால், காப்புறுதி மட்டும் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அத்துடன் அந்த ஆய்வுக்குப் பதிலளித்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு ஐந்து நாய்கள் இருந்தன. ஐந்துக்கும் காப்புறுதி செய்தால் ஆண்டுக்கு 3,000 டொலர். அப்பணத்தைத் தனியான வங்கிக் கணக்கிற் சேமித்து வந்தால், ஐந்தில் ஒரு நாய்க்கு ஓராண்டில் பாரிய சத்திரசிகிச்சை நேர்ந்தாலும் அதன் பெரும்பகுதியைத் தாங்கலாம். எதுவும் நேராத ஆண்டில் பணம் அவரிடமே இருக்கும். ஐந்து நாய்கள் வைத்திருப்பவர் தம்மளவில் ஒரு சிறு காப்புறுதி நிறுவனம் என்றே கூறலாம்.

பிரித்தானியாவில் வரிச் சட்டமும் இதே திசையிற் சாய்கின்றது. அங்கு காப்புறுதிக் கட்டுப்பணத்தின் மீது 2017ஆம் ஆண்டு முதல் 12 வீத வரி விதிக்கப்படுகின்றது. அந்த வரியைத் திரும்பப் பெறும் வழி கிடையாது. மாறாக, பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த பண்ணையாளர் தன் தொழில் நாய்க்கு நேரடியாகச் செலுத்தும் வைத்தியச் செலவில் அடங்கிய 20 வீத வரியை மீளப் பெற முடியும். வீட்டு நாய் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. எனவே அண்டை வீட்டாருக்கு இலாபமான பத்திரம் பண்ணையாளருக்கு நட்டமாகலாம்.

ஆயினும் காப்புறுதியே வேண்டாம் என்று ஒரேயடியாகக் கூறிவிட முடியாது. ஒரேயொரு நாயை நம்பி மற்றவர் பண்ணைகளில் கூலிக்கு மேய்ப்பு வேலை செய்யும் இளைஞர்கள் வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் உள்ளனர். அவர்களுக்குச் சேமிப்பு இல்லை. நாயின் முழங்கால் தசைநார் அறுந்தால் சத்திரசிகிச்சைக்குச் சில ஆயிரம் பவுண் வேண்டும். பணம் இல்லாதவிடத்து வைத்தியரின் மேசையில் எடுக்கப்படும் முடிவு ஊசியாகவே முடிகின்றது. குணப்படுத்தக்கூடிய நாயைப் பணத்துக்காகக் கொல்வது எத்தகைய அனுபவம் என்பதை மிருக வைத்தியர்களைக் கேட்டால் தெரியும். முதற் பகுதிச் செலவைக் கூடுதலாகத் தாமே ஏற்றுக்கொண்டு, பாரிய விபத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும் மலிவான பத்திரம் இவர்களுக்கு உகந்தது. சிறு காயத்துக்கெல்லாம் பணம் தரும் விலையுயர்ந்த பத்திரம் உகந்ததன்று.

மூன்றாந்தரப்புப் பொறுப்பு என்பது வேறு விடயம். இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் கீழ், நாய் அயலவரின் கால்நடையைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அதனை வைத்திருப்பவர் பொதுவாக நட்டஈடு கொடுக்க வேண்டும். நாய் வீதிக்குப் பாய்ந்து வாகனமொன்று கவிழ்ந்தால் வரக்கூடிய வழக்கின் தொகைக்கு எல்லையே இல்லை. நாயின் காலுக்கு ஒரு மேலெல்லை உண்டு. மனிதனின் காலுக்கு நீதிமன்றம் விதிக்கும் தொகையோ குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவரலாம். பண்ணைக்கு எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் நாயும் அடங்குமா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வதைத் தவிர்க்கவே கூடாது.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. பொலிஸும் இராணுவமும் தம் நாய்களுக்குத் தாமே மிருக வைத்தியர்களை ஏற்பாடு செய்கின்றன. பிரித்தானியாவின் வழிகாட்டி நாய்கள் அறநிலையம் பார்வையற்றவருக்கு நாயை வழங்கிய பின்னரும் உணவு, வைத்தியச் செலவுகளைத் தானே பொறுப்பேற்க முன்வருகின்றது. ஆயிரக்கணக்கான நாய்கள் உள்ள இடத்தில் இழப்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். அதை வெளியாருக்கு விற்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் அந்த நாய் ஓய்வு பெற்றதும் நிலைமை தலைகீழாகின்றது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஓய்வுபெற்ற இராணுவ நாய்களைக் கொன்றுவிடாமல் தத்துக் கொடுக்க வழிசெய்தது. வைத்தியச் செலவோ தத்தெடுத்தவர் தலையில் வீழ்ந்தது. எட்டு ஆண்டுகள் மதில் பாய்ந்த நாயின் இடுப்புக்கு எந்த நிறுவனம் காப்புறுதி தரும்? இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயர் பொலிஸார் 2013இல் இதற்கொரு விடை கண்டனர். ஓய்வுபெற்ற நாய் ஒவ்வொன்றின் வைத்தியத்துக்கும் ஆண்டுக்கு 500 பவுண் வரை மூன்று ஆண்டுகளுக்கு வழங்கும் ஓய்வூதியத் திட்டத்தை அவர்கள் ஏற்படுத்தினர்.

இலங்கையில் இவ்விடயம் அந்நியமானதாகத் தோன்றலாம். ஆனால் வடக்கு, கிழக்கின் கண்ணிவெடி நிலங்களில் மக்கள் மீளக் காலூன்றுவதற்கு மனிதரோடு மோப்ப நாய்களும் உழைத்தன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி மாடுகளோடு திரியும் நாய்களும் விளைநிலத்தில் பன்றியை விரட்டும் நாய்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தொழிலாளர்களே. 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் கால்நடைத் திட்டங்கள் மாட்டையும் ஆட்டையும் மனதிற் கொண்டவை. கையில் உள்ள சிறு தொகையைப் பால்மாட்டின் காப்புறுதிக்குச் செலவிடுவதா, நாய்க்குச் செலவிடுவதா என்று கேட்டால், மாட்டுக்கே என்பது எமது கருத்து. நாய்க்கு முதலில் வேண்டியது அரசாங்கம் இலவசமாக ஏற்றும் விசர்நாய்த் தடுப்பூசி. அது நாயை மட்டுமன்றி வீட்டாரையும் காக்கும்.

வர்த்தகக் காப்புறுதியில் மார்க்க ரீதியான தயக்கமுடைய முஸ்லிம் கமக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மேலும் ஒரு பரிமாணமுடையது. தகாபுல் முறையில் உறுப்பினரின் பங்களிப்பு பொது நிதிக்கான நன்கொடையாகக் கொள்ளப்படுகின்றது; இழப்புக்கு உள்ளானவருக்கு அதிலிருந்து கொடுக்கப்படுகின்றது. இலங்கையில் 1999ஆம் ஆண்டிலிருந்து தகாபுல் நிறுவனம் இயங்கி வருகின்றது. நாயை விற்பது, அதற்கு விலை பெறுவது குறித்துச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளதால், நாயின் பெறுமதிக்கு இழப்பீடு என்பது உலமாக்களிடம் கேட்டறிய வேண்டிய விடயம்.

கால்நடைக் காப்புறுதியின் பழைய வடிவங்களுள் ஒன்றும் இத்தகைய கூட்டு நிதியே என்பது சுவையான செய்தி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமங்களில் ஏழைக் கூலிகள் 'பசுச் சங்கம்' அமைத்தனர். ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்துவர். ஒருவரின் பசு இறந்தால் சங்கம் பணம் கொடுக்கும். மாட்டை எல்லோரும் அறிவர் என்பதால் பொய்க்கு இடமில்லை. அலுவலகச் செலவும் இல்லை. எமது ஊர்களின் மரண சகாய நிதிச் சங்கங்களை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சங்கங்களின் பலவீனமும் அயலிலேயே இருந்தது. கொள்ளைநோய் பரவினால் எல்லோருடைய மாடும் ஒரே மாதத்தில் வீழும், நிதி வற்றிவிடும். பட்டி வைத்திருக்கும் பத்துப் பேர் தம் நாய்களுக்கென இன்று ஒரு பொது நிதியை ஆரம்பிப்பதாயின், வேலி கிழித்த காயத்துக்கும் வாகன விபத்துக்கும் அதிலிருந்து பணம் கொடுக்கலாம். தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்க்குக் கொடுப்பதில்லை என்பதை முதற் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.