வீட்டுத் தச்சுப் பட்டறை

வீட்டுத் தச்சுப் பட்டறை என்பது, குடியிருக்கும் வீட்டிலோ அதை ஒட்டிய தொழுவம், கொட்டகை, மாடி போன்ற இடத்திலோ மரவேலைக்கென ஒதுக்கப்படும் இடம் ஆகும். பிழைப்புக்காக மரவேலை செய்யும் தச்சர்களும், ஓய்வு நேரத்தில் முக்காலி, அலமாரி, பொம்மை செய்து பழகுவோரும் இத்தகைய பட்டறைகளை அமைக்கின்றனர். பட்டறைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, மிக நீளமான பலகை தடையின்றி நகரும் வழி. மற்றொன்று, மரத்தூள் வீட்டுக்குள் வராமல் வெளியேறும் வழி. இவ்விரண்டும் அமைந்தால் 10 அடிக்கு 12 அடி அறையும் போதும். அமையாவிட்டால் பெரிய கொட்டகையும் போதாது.

இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள், விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், அதை அடுத்த திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் வீட்டமைப்பையும் பருவநிலையையும் ஒட்டியவை. இந்தத் திருவண்ணாமலை, சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில் உள்ள சிற்றூர். அருணாசலேசுவரர் கோயில் உள்ள நகரம் அன்று.

பின்னணி

முற்காலத்தில் தச்சருக்குத் தனிப் பட்டறை எப்போதும் தேவைப்படவில்லை. வீடு கட்டுபவர் மரத்தை வாங்கிப் போடுவார். தச்சர் கருவிப் பையுடன் அங்கு வந்து, மர நிழலிலோ கீற்றுப் பந்தலிலோ அமர்ந்து, நிலை, கதவு, சன்னல் யாவற்றையும் அந்த இடத்திலேயே செய்து முடிப்பார். மரம் கிடக்கும் இடமே பட்டறையாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்பதால் மேசையும் வேண்டியிருக்கவில்லை. ஜப்பானியத் தச்சரும் இவ்வாறே தரையில் அமர்ந்து வேலை செய்யும் மரபினர். ஐரோப்பாவில் நின்றபடி வேலை செய்யும் கனத்த மேசை வழக்கில் இருந்தது.

மின் இயந்திரங்கள் வந்தபின் நிலைமை மாறியது. முன்பு கருவி மரத்தைத் தேடிச் சென்றது. இப்போது மரம் இயந்திரத்தைத் தேடி வருகிறது. வீட்டில் இடம் போதவில்லை என்ற சிக்கல் பெரும்பாலும் இந்த மாற்றத்தால் வந்ததே.

வேலையின் வகையும் இடத்தேவையும்

மரவேலையை, நகர்வதைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. மரம் அசையாமல் இருக்க, கருவி நகர்வது. செதுக்கு வேலை இவ்வகையைச் சேர்ந்தது. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் குடும்பங்கள் பல, வீட்டோடு சேர்ந்த சிறு இடங்களில் வேலை செய்வது இதனாலேயே இயல்கிறது. மரக்கட்டையைச் சுற்றி ஓர் ஆள் உட்கார இடம் இருந்தால் போதும்.

2. மரம் இருந்த இடத்திலேயே சுழல்வது. கடைசல் வேலை இவ்வகை. அம்பாசமுத்திரத்தின் மரச் செப்புச் சாமான்கள் கடைசலில் உருவாகின்றன. கடைசல் இயந்திரத்தின் நீளமும், முன்னால் நிற்க 3 அடியும் இருந்தால் வேலை நடக்கும்.

3. மரம் இயந்திரத்தின் வழியே கடந்து செல்வது. மேசை வட்ட ரம்பமும், இயந்திர இழைப்புளியும் இவ்வகை. அதிக இடம் கேட்பது இதுவே.

எனவே இடம் தேடத் தொடங்குமுன், என்ன செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். பொம்மையும் சிறு பெட்டியும் செய்பவர் மாடிப்படிக்கு அடியிலேயே தொடங்கலாம். கட்டிலும் கதவும் செய்பவருக்குப் பலகையின் வழி வேண்டும்.

அளவுக் கணக்கு

7 அடி நீளப் பலகையை மேசை ரம்பத்தில் நெடுக அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் 7 அடியும் பின்னால் 7 அடியும் வேண்டும். ரம்பத் தட்டுக்கு 2 அடி, நிற்பவருக்கு 2 அடி சேர்த்தால் மொத்தம் 18 அடி. 12 அடி அறையில் இது முடியாது என்று தோன்றும். ஆனால் அந்த 18 அடியும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. ரம்பத்தை வாசலுக்கும் எதிர்ச் சன்னலுக்கும் நேர்க்கோட்டில் வைத்தால், பலகையின் ஒரு முனை வாசல் வழியாகவும் மறுமுனை சன்னல் வழியாகவும் வெளியே நீளும். ரம்பத் தட்டின் உயரம் சன்னலின் அடிக்கட்டையைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அறுக்கும்போது அந்தச் சன்னலுக்கு வெளியே யாரும் நடமாடக் கூடாது.

பழைய ஓட்டு வீடுகளில் தெருவாசல், நடைவாசல், கொல்லைவாசல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். பலகைக்கு இது நல்ல வழி. ஆனால் தூளுக்கும் அதுவே வழி என்பதால், நடு வீட்டில் ரம்பத்தை வைக்காமல், பின்கட்டில் வைத்துக் கொல்லை நோக்கி அறுப்பதே சரியானது.

8 அடிக்கு 4 அடி பிளைவுட் தாளைச் சிறு அறைக்குள் கொண்டுவந்து திருப்ப முயலக் கூடாது. முற்றத்தில் நான்கு சட்டங்களைத் தரையில் பரப்பி, அதன்மேல் தாளைக் கிடத்திக் கைரம்பத்தால் அறுக்கலாம். அல்லது வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம்.

செய்த பொருள் வெளியே போகுமா என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும். 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்க வைத்துச் சேர்ப்பது வழக்கம். அதை நிமிர்த்தும்போது கூரையைத் தொடுவது அதன் உயரம் அன்று, மூலைவிட்டம். பிதாகரஸ் தேற்றப்படி 7-இன் வர்க்கம் 49, 2-இன் வர்க்கம் 4, கூடுதல் 53. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.28. அதாவது 7 அடி மூன்றரை அங்குலம். தகரக் கொட்டகையின் தாழ்ந்த பக்கம் 7 அடி 2 அங்குலம் என்றால், அங்கே அந்த அலமாரி நிமிராது.

வீட்டில் இடம் தேடல்

தொழுவம்: மாடு வளர்ப்பை நிறுத்திவிட்ட வீடுகளில் தொழுவம் விறகும் பழைய சாமானும் போடும் இடமாகக் கிடக்கிறது. பட்டறைக்கு மிகப் பொருத்தமானது இதுவே. வீட்டிலிருந்து விலகியிருக்கும், காற்றோட்டம் இருக்கும், நீளவாட்டில் இருக்கும். தரைச் சரிவைச் சமன் செய்து, மூத்திரக் கால்வாயை மூடி, தரை நன்கு காய்ந்த பிறகே மரத்தை அங்கு வைக்க வேண்டும்.

தறிக்கூடம்: இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியில் தறி ஓடாமல் கிடக்கும் கூடம் கிடைத்தால், இயந்திரத்தைத் தாங்கும் தரையும் மின்இணைப்பும் அங்கு முன்பே இருக்கும். சுவரிலும் உத்தரத்திலும் படிந்த பழைய பஞ்சுத் தூசியை முழுதும் நீக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும்.

மொட்டை மாடி: தகரம் போட்டால் நிழல் கிடைக்கும், கோடையில் வெப்பம் தாங்காது. கனத்த மரத்தைப் படியேற்ற வேண்டும் என்பதும், இயந்திர அதிர்வு கீழ் அறையில் கேட்கும் என்பதும் குறைகள்.

கார் நிறுத்துமிடம்: வாகனத்தைக் காலையில் வெளியே நிறுத்திவிட்டு வேலை செய்யலாம். மேசைக்கும் இயந்திரங்களுக்கும் பூட்டுச் சக்கரம் பொருத்தி, மாலையில் சுவரோரம் தள்ளிவிட வேண்டும்.

திண்ணை: கைக்கருவி வேலைக்கு ஏற்றது. தெருவில் போவோருக்குத் தெறிக்கும் என்பதால் இயந்திரம் கூடாது.

சமையலறையை ஒட்டிய இடத்தை எவ்வகையிலும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தூள் உணவில் படியும். தின்னரும் ஸ்பிரிட்டும் அடுப்புக்கு அருகில் இருப்பது ஆபத்து.

காற்றும் மரத்தூளும்

வீட்டுப் பட்டறையில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது மரத்தூள். உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-இல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. மூக்கறையிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் இதில் குறிப்பிடப்படுகிறது. தரையில் குவியும் பெருந்தூள் கண்ணுக்குத் தெரியும், அதைப் பெருக்கிவிடலாம். தேய்ப்புத் தாளாலும் இயந்திரத்தாலும் எழும் நுண்தூளே நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் செல்கிறது. வேலை செய்பவர் சில மணி நேரம் சுவாசிப்பதை, அதே வீட்டில் இருக்கும் குழந்தையும் முதியவரும் நாள் முழுதும் சுவாசிக்க நேரிடும்.

இப்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுவாக மேற்கிலிருந்து வீசும். ஆகவே பட்டறை வீட்டுக்குக் கிழக்கே அமைந்தால் அம்மாதங்களில் தூள் வீட்டைவிட்டு விலகிப் போகும். மேற்குப் பக்கம் காற்று நுழையவும், கிழக்குச் சுவரில் வெளியேற்றும் விசிறி பொருத்தவும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் திசை மாறும்; அப்போது இயந்திர வேலையைக் குறைத்துக் கைக்கருவி வேலைகளைச் செய்யலாம். மலையடிவாரத்தில் காற்று தெருவுக்குத் தெரு மாறுவதால், ஒரு குச்சியில் துணிக்கீற்றைக் கட்டிச் சில நாள் பார்த்து முடிவு செய்வது நல்லது.

மற்றக் கட்டுப்பாடுகள் எளியவை. என்95 முகக்கவசம் அணிய வேண்டும். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குள் செல்ல வேண்டும். மரத்தூள் அடுப்புக்குத் தூய மரத்தின் தூளைப் பயன்படுத்தலாம். பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பசை வேதிப்பொருள்கள் இருப்பதால் அதை எரிக்கக் கூடாது.

வெளிச்சம்

வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழாது என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் கதிரவன் இங்கே தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். ஆயினும் அது உச்சியை ஒட்டியே இருப்பதால், 2 அடி தாழ்வாரம் இருந்தால் வடக்குச் சன்னலே சிறந்தது. மேற்குச் சன்னல் மாலையில் கண்ணைக் கூசச் செய்யும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால், குறிக்கோட்டின்மேல் கையின் நிழல் விழாது.

பழைய சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். அந்த ஒளியில் சுழலும் ரம்பம் சில வேகங்களில் நிற்பது போலத் தோன்றலாம். இயந்திரத்தின் அருகே சிமிட்டாத வேறொரு விளக்கு இருக்க வேண்டும்.

மின்சாரம்

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 2 குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். தொடங்கும் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சாதாரண விளக்குக் கம்பியில் இதை இணைக்கக் கூடாது. மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, 16 ஆம்பியர் செருகி, சரியான எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவை தேவை.

மின்வெட்டின்போது இயந்திரச் சுவிட்சை அணைக்காமல் விட்டால், மின்சாரம் திரும்பியதும் ரம்பம் தானாகச் சுழலத் தொடங்கும். அப்போது யாராவது தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். மின்சாரம் போனால் தானே அணைந்து, மீண்டும் அழுத்தினால்தான் ஓடும் வகைச் சுவிட்சைப் பொருத்துவது இதற்குத் தீர்வு. விற்பனைக்காக வேலை செய்பவர், தமக்கு உரிய மின்கட்டண வகை எது என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரத்தையும் கருவிகளையும் ஒழுங்கு செய்தல்

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் செங்கல்மேல் சட்டங்களை வைத்து, பலகைகளைக் கிடையாக அடுக்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு ஒரே பருமனுள்ள குச்சிகளை, ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி வைத்தால் காற்று புகுந்து மரம் ஒரே சீராக உலரும். சுவரிலிருந்து சாண் அளவு தள்ளி அடுக்கினால் கரையான் மண்கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வைரம் பாய்ந்த பகுதியைவிட வெளிறான வெள்ளைப் பகுதி விரைவில் உளுக்கும்; அவற்றைத் தனியே அடுக்கலாம். துண்டுக் கட்டைகளே பட்டறையை விழுங்குபவை. ஒரே ஒரு பெட்டி வைத்து, அது நிறைந்தால் அடுப்புக்கு அனுப்புவது என்ற விதி பயன் தரும்.

நின்று வேலை செய்யும் மேசையின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் இருந்தால் இழைக்கும்போது முதுகு வலிக்காது. தரையில் உட்கார்ந்து செய்வது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு மேசையே ஏற்றது. இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகிய அன்றாடக் கருவிகள் மேசையிலிருந்து கை எட்டும் சுவரில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் வடிவத்தையும் சுவர்ப்பலகையில் வரைந்து வைத்தால், காணாமற்போனது எது என்பது உடனே தெரியும். உளிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அதை எறிய வேண்டும்.

அக்கம்பக்கம்

சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில், பொதுச் சுவரில் இயந்திரத்தையோ மேசையையோ பிணைக்கக் கூடாது. கால்களுக்கு அடியில் ரப்பர்த் துண்டு வைத்தால் அதிர்வு குறையும். பகல் உறக்க நேரம், இரவு, தேர்வுக் காலம் ஆகியவற்றில் இயந்திரத்தை நிறுத்தி, அளத்தல், உளி தீட்டல், மெருகிடல் போன்ற ஓசையற்ற வேலைகளைச் செய்யலாம்.

முன்பயிற்சி

ஆணி அடிக்குமுன், தேர்ந்தெடுத்த இடத்தின் தரையில் சாக்பீசால் மேசை, ரம்பம், மர அடுக்கு ஆகியவற்றை முழு அளவில் வரைய வேண்டும். பிறகு 7 அடி மூங்கில் ஒன்றைப் பலகையாகப் பாவித்து, மர அடுக்கிலிருந்து எடுத்து, ரம்பக் கோட்டில் நகர்த்தி, மேசைக்குக் கொண்டுவந்து, வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். மூங்கில் எங்கெல்லாம் இடிக்கிறதோ அந்தக் கோட்டை அழித்து மாற்றி வரைய வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், வாங்க நினைத்த இயந்திரங்களில் எதற்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்பது செலவு செய்யும் முன்பே தெரிந்துவிடும்.