மலை சொல்லும் ரகசியம்!

குழந்தைகளே! மலை சரிவதற்கு முன் நம்மிடம் சொல்லுமா? பெரும்பாலும் சொல்லும். ஆனால், மண்ணுக்குள்ளே ரகசியமாகச் சொல்லும்!

கேரள மாநிலம் மூணாறில், அந்தோணியார் காலனியில் 2005ம் ஆண்டு நிலச்சரிவு ஏற்பட்டுப் பலர் இறந்தனர். அதன்பின், அமிர்தா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தச் சரிவில் ஆழமாகத் துளையிட்டு, உணர்கருவிகளைப் புதைத்தனர்.

மழைநீர் உள்ளே இறங்க இறங்க, மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் கூடும்; மண்ணின் பிடி தளரும். அந்த அழுத்தத்தை ஒரு கருவி அளக்கும். மண் லேசாகச் சாய்ந்தாலும் இன்னொரு கருவி காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தகவல்கள் கம்பியில்லாமல், ரேடியோ அலைகளாகப் பறந்து, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்தில் உள்ள ஆய்வு மையத்தை அடையும். 2009ல் பலத்த மழையின்போது இப்படித்தான் எச்சரிக்கை விடப்பட்டது.

கருவி எச்சரிக்கும், கிளம்ப வேண்டியது நாம்தான்! 'வெளியேறுங்கள்' என்று சொன்னால், புத்தகப்பையைக்கூடத் தேடக்கூடாது, சரியா?