4 லட்சம் பேருக்கு நடுவே ஒரு சிதார்

நியூயார்க் நகரத்தின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், குத்துச்சண்டைப் போட்டிகளுக்குப் பெயர்போன பெரிய அரங்கம். 1971-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அரங்கத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். மேடையில் விரிப்பின் மீது நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிதாருடன் பண்டிட் ரவிசங்கர், சரோதுடன் உஸ்தாத் அலி அக்பர் கான், தபலாவுடன் உஸ்தாத் அல்லா ரக்கா, தம்பூராவுடன் கமலா சக்கரவர்த்தி.

முதலில் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கிறார்கள். முறுக்காணியைத் திருகுவதும், தந்தியை மீட்டிப் பார்ப்பதும், மறுபடி திருகுவதுமாகச் சிறிது நேரம் போகிறது. அது முடிந்ததும் கூட்டம் ஆரவாரத்தோடு கை தட்டுகிறது!

ரவிசங்கர் முகத்தில் புன்சிரிப்பு. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்கள் என்றால், வாசிக்கப் போவதை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

இதை இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புன்சிரிப்புக்குப் பின்னால், மேனாட்டுப் பெருங்கூட்டங்களை நாலு வருஷ காலம் நேரில் பார்த்த ஒரு வித்துவானின் அனுபவம் இருந்தது. அதில் மகிழ்ச்சியும் உண்டு, மனவேதனையும் உண்டு.

சம்பள உத்தியோகம் விட்டவர்

ரவிசங்கர் 1920-ல் காசியில் பிறந்த வங்காளி. 10 வயதில் அண்ணன் உதயசங்கரின் நாட்டியக் குழுவோடு பாரிசுக்குப் போனார். பட்டும் பகட்டுமான அந்த வாழ்க்கையை 1938-ல் உதறிவிட்டு, மைஹர் சமஸ்தானத்தில் பாபா அலாவுதீன் கானிடம் குருகுலவாசம் புகுந்தார். பின்னர் டில்லி வானொலி நிலையத்தில் 1949 முதல் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் அந்த வேலையை 1956-ல் விட்டுவிட்டு, சிதாரை எடுத்துக்கொண்டு வெளிநாடு புறப்பட்டார்.

1966-ல் பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் அவரிடம் சிதார் கற்க வந்தார். பம்பாய் தாஜ் ஹோட்டலில் பாடம் ஆரம்பமானது. விஷயம் வெளியே தெரிந்து, ஹோட்டல் வாசலில் இளைஞர் கூட்டம் கூடிவிட்டது. குருவும் சிஷ்யரும் காஷ்மீருக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு ரவிசங்கர் போகுமிடமெல்லாம் கூட்டம்தான்.

கூட்டம் பெருகியது சரி. அவர் கையில் இருந்த வாத்தியம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சிதார், காய்ந்த சுரைக்குடுக்கையும் மரமும் தந்தியும் சேர்ந்தது. விரலால் மீட்டும் தந்திகளுக்கு அடியில், தானாகவே அதிரும் மெல்லிய தந்திகள் ஒரு வரிசை உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்குக் குழைந்து போவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ராகத்தை மெல்ல மெல்ல விரிக்கும் ஆலாபனையை நூறு பேர் அடங்கிய கூடத்தில் கேட்பது ஒன்று. ஒலிபெருக்கி வழியாக ஆயிரக்கணக்கானோர் கேட்பது வேறொன்று.

தீயில் எரிந்த கித்தார்

1967 ஜூன் 16 முதல் 18 வரை, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மான்டரே என்ற கடற்கரை ஊரில் பெரிய பாப் இசை விழா நடந்தது. மற்றக் கலைஞர்கள் சன்மானம் வாங்காமல் பாடிக் கொடுத்தார்கள். முன்கூட்டியே ஒப்பந்தமாகியிருந்த ரவிசங்கருக்கு மட்டும் 3 ஆயிரம் டாலர் தரப்பட்டது. அவருக்கென்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தனியாக ஒதுக்கப்பட்டது. முன்னும் பின்னும் வேறு நிகழ்ச்சி கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். கடைசியில் சிதாரும் தபலாவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியபோது, ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்ததைச் சினிமாப் படமாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் பாடியதையும் அவர் கேட்டார். ஓடிஸ் ரெட்டிங், ஜானிஸ் ஜோப்ளின் ஆகியோரின் பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. மேனாட்டுச் சங்கீதம் என்று ஒதுக்கித் தள்ளுகிறவர் அல்ல அவர். ஆனால் 'தி ஹூ' கோஷ்டியார் தங்கள் வாத்தியங்களை மேடையிலேயே அடித்து நொறுக்கினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தம் கித்தாருக்குத் தீ வைத்தார். ஹெண்ட்ரிக்ஸின் கை வேகத்தை ரசித்த ரவிசங்கருக்கு, அந்தத் தீயைப் பொறுக்க முடியவில்லை. எங்கள் நாட்டில் வாத்தியத்தைத் தெய்வத்தின் அம்சமாக மதிக்கிறோம் என்று பிற்காலத்தில் பல பேட்டிகளில் வருத்தத்தோடு சொன்னார்.

இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று லேத் மெஷினுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள் நாம். ஆபீஸில் பேரேட்டின் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். பிழைப்புத் தருகிற பொருளைப் பிறர் கொளுத்துவதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

மழையும் சேறும்

இரண்டு வருஷம் கழித்து, 1969 ஆகஸ்டு 15-ந் தேதி வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாகாணத்தில் பெத்தல் என்ற ஊர்ப்புறத்தில் ஒரு பால் பண்ணை நிலம். அங்கேதான் 'உட்ஸ்டாக்' இசை விழா ஆரம்பமானது. கூடியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். சாலைகள் அடைத்துக்கொண்டதால், கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மும்பை சண்முகானந்தா அரங்கம் நிறைந்தால் சுமார் 3 ஆயிரம் பேர். அதைப்போல நூறு அரங்கங்களுக்கு மேற்பட்ட கூட்டம் ஒரே மைதானத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரவு 10 மணி சுமாருக்கு ரவிசங்கர் மேடை ஏறினார். மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்று பட்டால் தந்தி வாத்தியம் சுருதி விலகும். தபலாவின் தோல் தொய்யும். வாத்தியத்துக்குக் கேடு வந்துவிடுமோ என்ற கவலையோடுதான் அன்று வாசித்தார். ஒரு மணி நேரத்துக்குள் கச்சேரி முடிந்தது.

கீழே கூட்டம் சேற்றில் கிடந்தது. கஞ்சாப் புகையும் மற்ற போதைகளும் தாராளமாக நடமாடின. நம் நாட்டில் எருமைகள் சேற்றுக் குட்டையில் அமிழ்ந்து கிடக்குமே, அந்தக் காட்சிதான் தமக்கு ஞாபகம் வந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். ஜனங்கள் குதூகலமாக இருந்தார்கள். ஆனால் சங்கீதம் அவர்களுக்கு இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது என்பது அவருடைய குறை. சிதார் இசையையும் போதையையும் முடிச்சுப் போட்டுப் பேசியது அவரை மிகவும் புண்படுத்தியது. கச்சேரிகளில் புகை பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். கேளாத இடங்களில் சிதாரை எடுத்துக்கொண்டு எழுந்து போனதும் உண்டு. இத்தகைய திறந்தவெளி விழாக்களே வேண்டாம் என்று அதன் பிறகு ஒதுங்கினார்.

தாமே கேட்டு வாங்கிய கூட்டம்

அப்படி ஒதுங்கியவர்தான் 1971-ல் தாமாகவே பெருங்கூட்டத்தைத் தேடிப் போனார். காரணம், கிழக்கு வங்காளம். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். பசியும் காலராவும் அவர்களை வாட்டின. ரவிசங்கரின் முன்னோர்களும், குரு அலாவுதீன் கானும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்.

தாம் மட்டும் கச்சேரி செய்தால் கொஞ்சம் பணம்தான் சேரும் என்பது அவருக்குத் தெரியும். சிஷ்யர் ஹாரிசனிடம் போய் நின்றார். ஹாரிசன் தம் நண்பர்களான பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் ஆகியோரை அழைத்து வந்தார். ஒரே நாளில் இரண்டு காட்சிகள். சுமார் 40 ஆயிரம் பேர் வந்தார்கள். டிக்கெட் வசூலில் கிடைத்த சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. பங்களாதேஷ் என்ற பெயர் மேனாட்டு இளைஞர்களின் வாயில் புழங்க ஆரம்பித்தது.

சுருதி சேர்த்ததற்குக் கை தட்டியது அந்தக் கூட்டம்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் வந்திருக்கிறார்கள், கேட்கத் தயாராக இருக்கிறார்கள். நீண்ட ராகம் வாசிக்காமல், வங்காள நாட்டுப்புறச் சாயலில் ஒரு 'துன்' வாசித்தார். சபையறிந்து வாசிப்பதும் வித்துவானின் கடமை அல்லவா?

தென்னாட்டாரின் பங்கு

இந்த வரலாற்றில் நம்மவர்களின் பங்கும் உண்டு. மான்டரேயிலும் நியூயார்க்கிலும் ரவிசங்கருக்குப் பின்னால் தம்பூரா மீட்டிய கமலா சக்கரவர்த்தி, சாஸ்திரி என்ற தென்னிந்தியக் குடும்பத்துப் பெண்மணி. பாடகி லட்சுமி சங்கரின் சகோதரி.

1974 நவம்பர், டிசம்பரில் ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து வட அமெரிக்காவில் பல நகரங்களின் பெரிய அரங்கங்களில் நிகழ்ச்சி நடத்தினார்கள். லட்சுமி சங்கர், வயலின் எல்.சுப்பிரமணியம், மிருதங்கம் டி.வி.கோபாலகிருஷ்ணன் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ராக் பாட்டுக் கேட்க டிக்கெட் வாங்கியவர்களில் பலருக்கு இந்தியப் பகுதியில் பொறுமை இல்லை. இடையிடையே கூச்சலும் எழுந்தது. பயணத்தின் நடுவில் சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், லட்சுமி சங்கர் குழுவை முன்னின்று நடத்தினார்.

கடைசிக் கச்சேரி

2012 நவம்பர் 4-ந் தேதி, கலிபோர்னியாவில் லாங் பீச் நகரத்தில் தம் கடைசிக் கச்சேரியை மகள் அனுஷ்காவோடு சேர்ந்து வாசித்தார் ரவிசங்கர். வயது 92. மூச்சுக்குப் பிராணவாயுக் கருவியின் துணை வேண்டியிருந்தது. அந்த அரங்கத்தில் இடம் சுமார் 3 ஆயிரம் பேருக்கு. நம் சண்முகானந்தா அளவுதான். டிசம்பர் 11-ந் தேதி அவர் காலமானார்.

4 லட்சம் பேரையும் பார்த்தவர், 40 ஆயிரம் பேரையும் பார்த்தவர். வாத்தியத்துக்கு மரியாதையும், காதுகளில் கவனமும் இருக்கின்றனவா என்றுதான் பார்த்தார்.

நாமும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டிகளோடு கச்சேரிக்குப் போகிறோம். இனி ஒரு முறை தம்பூரா மீட்டி வித்துவான்கள் சுருதி சேர்க்கும்போது, வறுகடலைப் பொட்டலத்தைச் சற்றே கீழே வைத்துவிட்டு அதையும் காது கொடுத்துக் கேட்கலாம். கை தட்டல், வாசித்து முடித்த பிறகு!