அபராதச் சலான் வந்தால்: கட்டும் முன் பார்க்க வேண்டியவை

நாமக்கல் லாரி உரிமையாளர்களிடம் பேசினால் டீசல், டயர் விலைக்கு அடுத்து வருவது ‘ஆன்லைன் கேஸ்’ பற்றிய பேச்சுதான். வண்டியை யாரும் நிறுத்தவில்லை, ஆவணம் கேட்கவில்லை. செல்போனுக்குக் குறுஞ்செய்தி மட்டும் வந்து விழுகிறது. சங்ககிரி லாரிக்கும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும் மட்டுமல்ல, சேலம் ஐந்து ரோட்டைக் கடக்கும் ஸ்கூட்டருக்கும் இதே நிலைதான்.

திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் உயர்ந்த அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். தொகை கூடியதால், தவறாக வந்த சலானின் வலியும் கூடியிருக்கிறது. ஆனாலும் பலர் “எதுக்கு வம்பு” என்று கட்டிவிடுகிறார்கள். சலான் என்பது உங்கள் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு. அதை மறுக்கவும், நிரூபிக்கச் சொல்லவும் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பணம் கட்டினால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

முதலில் படத்தைப் பாருங்கள்

பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்து, சலானோடு உள்ள படத்தைத் திறந்து பாருங்கள். நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று படித்திருக்கலாம். லாரி எண்ணுக்கு ‘ஹெல்மெட் அணியவில்லை’ என்று வழக்கு வந்திருந்தால், படத்தில் நிற்பது எந்த வண்டி என்பதே உங்கள் வாதம்.

கேமரா மூலம் பதியும் வழக்குகளுக்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை சலானோடு வர வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் குறித்து வையுங்கள்.

கேமரா கண்காணிப்பு இனி குறையப் போவதில்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்த விதியைச் செயல்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எனவே விதியைத் தெரிந்துவைப்பது ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் அவசியம்.

ஆதாரம் ஆறிப்போகும் முன்

சலானில் உள்ள நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததா? ஓமலூர், வைகுந்தம் சுங்கச்சாவடிகளின் பாஸ்டேக் பதிவு, ஜிபிஎஸ் பதிவு, லோடு ஏற்றிய ரசீது, இ-வே பில், பட்டறை பில் ஆகியவற்றை உடனே நகல் எடுங்கள். பிறகு அதே தளத்தின் புகார்ப் பகுதியில் இவற்றை இணைத்து, வழக்குப் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எண் பிழை போன்றவை பல நேரங்களில் இங்கேயே தீரும்.

ஆர்.சி., லைசென்ஸ் கையில் இல்லை என்ற வழக்கென்றால், டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள ஆவணமும் செல்லும் என்று விதி 139 சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால்

வழக்கு, இணையவழி நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தளத்தில் அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வழிகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட குற்றவியல் நடுவர் மன்றத்துக்கு வழக்கு மாறும். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நடுவர் கேட்பார். அவசரத்தில் “ஆமாங்கய்யா” என்று சொல்லிவிட்டால், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய அடைபட்டுவிடும். தவறு செய்யவில்லை என்றால் “இல்லைங்கய்யா, நான் மறுக்கிறேன்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பின் குற்றத்தை நிரூபிப்பது காவல் துறையின் பொறுப்பு. வழக்குப் போட்ட அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை நீதிமன்றம் பொதுவாக 6 மாதத்துக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதமாக வந்திருந்தால் அந்த ஆட்சேபத்தையும் எழுப்புங்கள். வெளியூர் வழக்கென்றால், சம்மன் அனுமதிக்கும்போது வக்கீல் மூலம் ஆஜராகலாம்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சேலம், நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் வழியே இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

கவனம் தேவைப்படும் இடங்கள்

உண்மையிலேயே சிக்னலைத் தாண்டியிருந்தால் கட்டிவிடுவதே முறை. வீம்புக்கு வழக்காடினால் சட்டம் அனுமதிக்கும் முழு அபராதமும் விதிக்கப்படலாம். கனரக வாகனத்தின் அதிவேகத்துக்கு அது 4,000 ரூபாய் வரை. வக்கீல் கட்டணமும் வாய்தா நாளின் வாடகை இழப்பும் தனி.

சலானைக் கண்டுகொள்ளாமல் விடுவது இதைவிட ஆபத்து. நிலுவை சேர்ந்தால் எஃப்.சி., பெர்மிட், பெயர் மாற்றம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் நாளில் வழி மறிக்கும். சம்மன் வந்தும் போகாவிட்டால் பிடியாணை வரை போகலாம்.

வாட்ஸ்அப்பில் ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்று வரும் ஏபிகே கோப்பைத் தொடவே கூடாது. வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி அது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். சாலையில் பணம் கட்ட நேர்ந்தால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை உங்கள் வண்டி எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். சலான் தெரிந்தால் அன்றே படத்தை இறக்கி, ஆதாரத்தைத் திரட்டி, கட்டுவதா மறுப்பதா என்று முடிவெடுங்கள்.